அச்சு முறிந்த ஊரில் ஒரு வழக்கு

அச்சரப்பாக்கத்திலிருந்து ஒரு ஓய்வுபெற்ற தமிழாசிரியர் பல வருஷமாக எனக்குக் கடிதம் எழுதுகிறார். (இதில் 'ஓர் ஓய்வுபெற்ற' என்று இருக்க வேண்டும். பரவாயில்லை, அவரே எழுதுவார்.) முன்பெல்லாம் போஸ்ட் கார்டு. இப்போது பேத்தி சொல்லிக்கொடுத்த வாட்ஸ்அப். எங்கே ஒற்று விட்டேன், எங்கே பன்மைக்கு ஒருமை போட்டேன் என்று வரிசையாகப் பட்டியல் வரும். கடைசியில் மறக்காமல் 'நலந்தானே?' என்று கேட்பார். போன மாதம் வந்த செய்தியில் பட்டியல் இல்லை. 'வீட்டில் ஒரு வழக்கு நடக்கிறது. நேரில் வந்து தீர்ப்புச் சொல்ல வேண்டும். மதியச் சாப்பாடு உண்டு' என்று மட்டும் இருந்தது.

வழக்கு இதுதான். பேத்தி பி.காம். இரண்டாம் வருஷம். கவிதை எழுதுகிறாள். செல்போனிலேயே எழுதி, செல்போனிலேயே போட்டு, நூறு இருநூறு லைக் வாங்குகிறாள். தாத்தா ஒருநாள் படித்துப் பார்த்துவிட்டு, "இது கவிதை இல்லம்மா. உரைநடையைத் துணி மாதிரி மடிச்சு மடிச்சு வெச்சிருக்கே" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு நிறுத்தியவள்தான். அதற்குப் பிறகு ஒரு வரிகூட அவரிடம் காட்டவில்லை. பாட்டி போன வருஷம் காலமாகிவிட்டார். பெண்ணும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். சோறு, மாத்திரை, கரண்ட் பில் தவிரப் பேச்சு இல்லை.

நவீன கவிதையால் ஒரு வீட்டில் பேச்சே நின்றுபோகுமா என்று கேட்காதீர்கள். நின்றிருக்கிறது. போய்ப் பார்த்தேன்.

விழுப்புரம் போகும் பாசஞ்சரில் மதுராந்தகம், மேல்மருவத்தூர் தாண்டினால் அச்சரப்பாக்கம். ஆசிரியர் ஸ்டேஷனுக்கே வந்திருந்தார். வீட்டுக்குப் போகுமுன் ஆட்சீஸ்வரர் கோயிலுக்கு அழைத்துப் போனார். சம்பந்தர் பாடிய தலம். ஊர்ப் பெயருக்குக் காரணமான கதையும் அங்கேதான் இருக்கிறது. முப்புரம் எரிக்கச் சிவபெருமான் தேரில் கிளம்பினார். கிளம்பிய பரபரப்பில் பிள்ளையாரைக் கும்பிட மறந்துவிட்டார்கள். இந்த இடத்துக்கு வந்ததும் தேரின் அச்சு முறிந்தது. அச்சு இற்றதால் அச்சிறுபாக்கம், அது மக்கள் நாக்கில் புரண்டு அச்சரப்பாக்கம். முறித்தவருக்குத் தனிச் சந்நிதியே உண்டு. அச்சுமுறி விநாயகர்.

திருப்புகழின் முதல் பாட்டிலேயே அருணகிரிநாதர் இந்தச் சம்பவத்தைச் சொல்கிறார். ஆசிரியர் சந்நிதி முன் நின்று அதை முழுக்கப் பாடினார். வயசுக்குக் குரல் நடுங்கியது, தாளம் நடுங்கவில்லை. பாடி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா சார்? அச்சு முறிஞ்சதைச் சொல்ற பாட்டு. ஒரு சந்தம் முறியலை. இதைத்தான் நான் அவகிட்ட சொல்றேன்."

நல்ல வக்கீல். வாதத்தைக் கோயிலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

*

கவிதைத் தேருக்கு அச்சை முறித்தவர் யார்? இங்கிலீஷில் என்றால் ஆள், தேதி எல்லாம் சொல்ல முடியும்.

எஸ்ரா பவுண்ட் என்ற அமெரிக்க இளைஞர் பாரிஸில் லா கன்கார்ட் மெட்ரோ ஸ்டேஷனில் ரயிலைவிட்டு இறங்கினார். கூட்டத்தில் அடுத்தடுத்துச் சில அழகான முகங்கள். அந்தக் கணத்தைப் பிடிக்க 30 வரியில் ஒரு கவிதை எழுதினார். சரியாக வரவில்லை, கிழித்துப் போட்டார். ஆறு மாதம் கழித்து அதில் பாதி நீளத்துக்கு இன்னொன்று. அதற்கும் ஒரு வருஷம் கழித்து இரண்டே வரி, 14 வார்த்தை. 1913-ல் சிகாகோவின் 'பொயட்ரி' பத்திரிகையில் வெளியானது. ஜப்பானிய ஹைக்கூவிடம் கற்றுக்கொண்ட வித்தை என்று பிறகு அவரே சொன்னார். இங்கிலீஷ் கவிதையில் நவீனத்துவம் என்று தடித்தடியாகப் புத்தகம் போடுகிறார்களே, அதன் ஆரம்பங்களில் ஒன்று இந்த 14 வார்த்தை.

அதே வருஷம் அதே பத்திரிகையில் பவுண்ட், கவிஞர்களுக்கு ஒரு 'செய்யாதே' பட்டியல் கொடுத்தார். வேலை செய்யாத சொல்லைச் சேர்க்காதே. கண்ணுக்குத் தெரிகிற பொருளோடு கண்ணுக்குத் தெரியாத பெரிய வார்த்தையை ஒட்டவைத்துப் பொருளை மழுங்க அடிக்காதே. இப்படிப் போகிறது. அதில் ஒரு எச்சரிக்கை முக்கியமானது. நல்ல உரைநடை எழுதுவதே கஷ்டம், அந்தக் கஷ்டத்திலிருந்து தப்பிக்க எழுதியதைத் துண்டு துண்டாக வெட்டி அடுக்கினால் விவரம் தெரிந்தவன் ஏமாற மாட்டான் என்பது அதன் சாரம்.

கவனியுங்கள். அச்சரப்பாக்கத்துத் தாத்தாவின் 'மடிச்சு வெச்ச துணி' என்ற புகாரை, அச்சை முறித்தவரே 1913-ல் பதிவு செய்திருக்கிறார்!

பவுண்டுக்கு அடுத்தவர் டி.எஸ். எலியட். லண்டனில் லாயிட்ஸ் வங்கி உத்தியோகஸ்தர். ஹார்வர்டில் சம்ஸ்கிருதம் படித்தவர். 1922-ல் வந்த அவருடைய 'தி வேஸ்ட் லேண்ட்' உபநிஷதத்து சாந்தியில் போய் முடிகிறது. அந்தக் கவிதையின் கையெழுத்துப் பிரதி ரொம்ப நாள் காணாமல் போயிருந்து, 1971-ல் அச்சில் வந்தது. பார்த்தால், ஏறக்குறையப் பாதியைப் பவுண்ட் அடித்துத் தள்ளியிருக்கிறார். எலியட் கோபித்துக்கொள்ளவில்லை. கவிதையையே பவுண்டுக்குக் காணிக்கை ஆக்கினார்.

மூன்றாவது ஆள் வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ். நியூஜெர்சியில் ஊர் டாக்டர். ஆயிரக்கணக்கில் பிரசவம் பார்த்தவர். 1923-ல் ஒரு தள்ளுவண்டியைப் பற்றி 16 வார்த்தையில் ஒரு கவிதை எழுதினார். அதில் தள்ளுவண்டி என்ற ஒரே சொல்லை ஒடித்து, சக்கரத்தை ஒரு வரியிலும் வண்டியை அடுத்த வரியிலும் வைத்திருக்கிறார்.

இவர்கள் மூவரும் தேர் கட்டத் தெரியாமல் அச்சை முறித்தவர்கள் கிடையாது. பவுண்ட் பழைய பிரெஞ்சுப் பாணர்களின் சிக்கலான யாப்புகளில் மூழ்கி எழுந்தவர். கட்டற்ற கவிதைக்கும் திரைக்குப் பின்னால் ஏதாவது ஒரு யாப்பின் ஆவி நடமாட வேண்டும் என்ற கருத்தை எலியட் 1917-லேயே எழுதிவிட்டார். அதாவது இவர்கள் விட்டுச்சென்ற சொத்தில் இரண்டு உருப்படி உண்டு. ஒன்று சுதந்திரம், யாப்பு வேண்டாம் என்றால் வேண்டாம். இன்னொன்று சிக்கனம், வேண்டாத ஒரு சொல்லும் கூடாது. முதலாவது சுகமாக இருக்கும். இரண்டாவது வலிக்கும். வாரிசுகள் எதை எடுத்துக்கொண்டு எதை விட்டுவிட்டு ஓடினார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

சொந்த ஊரிலும் இந்தப் பாகப்பிரிவினை சுமுகமாக நடக்கவில்லை. இங்கிலாந்தில் பிலிப் லார்கின் கோஷ்டி 1950-களில், 'புரியாமல் எழுதியது போதும்' என்று எதுகைக்கும் சாதாரணப் பேச்சுக்கும் திரும்பிப் போனது. அமெரிக்காவில் நேர் எதிர்த் திசை. இறுக்கமான யாப்பில் எழுதிக்கொண்டிருந்த ராபர்ட் லோவெல் 1959-ல் 'லைஃப் ஸ்டடீஸ்' புத்தகத்தில் சட்டையின் மேல்பொத்தானைக் கழற்றிக்கொண்டு வீட்டுக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். இன்றைக்கு நம் பஞ்சாபில் பிறந்து கனடாவில் வளர்ந்த ரூபி கௌர், 2014-ல் சொந்தமாக அச்சிட்ட புத்தகத்தில் சின்னச் சின்ன வரிகள் எழுதி, லட்சக்கணக்கில் விற்றிருக்கிறார். அதைக் கவிதை என்பவர்களும் உண்டு, மடித்த துணி என்பவர்களும் உண்டு. அங்கேயும் தாத்தா-பேத்தி வழக்குதான்.

பவுண்டைப் பற்றி ஒன்றை மறைக்கக்கூடாது. ஆள் உத்தமர் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது முசோலினி பக்கம் சாய்ந்து ரேடியோவில் யூத வெறுப்பைக் கக்கி, 1945-ல் கைதாகி, 1958 வரை வாஷிங்டனில் ஒரு மனநல மருத்துவமனையில் அடைபட்டிருந்தார். சொத்தில் அதையும் சேர்த்து வாங்கிக்கொள்ளக் கட்டாயம் இல்லை. கத்தரிக்கோலை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

*

நம் பக்கத்துக்கு வருவோம். அச்சரம் என்றால் எழுத்து. அந்தப் பெயரில் 1959 ஜனவரியில் சென்னையில் ஒரு பத்திரிகை ஆரம்பித்தார் சி.சு. செல்லப்பா. 2000 பிரதிக்கு மேல் அச்சிட மாட்டேன் என்று முதலிலேயே அறிவித்துவிட்டார். அத்தனை அச்சிடும் தொல்லையை வாசகர்கள் அவருக்குக் கொடுக்கவே இல்லை. கைக்காசைப் போட்டு, புத்தக மூட்டையைத் தோளில் சுமந்து காலேஜ் காலேஜாகப் போய் விற்று, 1970 வரை 119 இதழ் கொண்டுவந்தார். அதில்தான் தமிழ்ப் புதுக்கவிதை தவழ்ந்து எழுந்தது. 1962-ல் அவர் தொகுத்த 'புதுக்குரல்கள்' புத்தகத்தில் 24 பேர், 63 கவிதைகள். ந. பிச்சமூர்த்தி, பசுவய்யா என்ற பெயரில் சுந்தர ராமசாமி, திரிகோணமலையிலிருந்து எழுதிய தருமு சிவராமு, எஸ். வைத்தீஸ்வரன், சி. மணி... இன்றைக்குப் பாடப்புத்தகத்தில் இருப்பவர்கள் அன்றைக்கு இருநூறு முந்நூறு பேர் படித்தால் அதிகம் என்றிருந்தவர்கள்.

இறக்குமதிச் சரக்கு என்று அப்போது பலமாகத் திட்டினார்கள். கொஞ்சம் உண்மைதான். பிச்சமூர்த்தி, வால்ட் விட்மனைப் படித்துத் தூண்டப்பட்டதாக ஒப்புக்கொண்டவர். க.நா.சு. தன் விமரிசனத்தில் பவுண்ட், எலியட் பெயர்களைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரிச் சொல்வார். சி. மணியின் 'நரகம்' சென்னை நகரத்துச் சாயங்காலத்தில் அலையும் நீண்ட கவிதை. அதைப் படித்தவர்கள் எலியட்டின் நிழலைக் கண்டுபிடிக்காமல் விட்டதில்லை.

ஆனால் கப்பல் ஏறி வந்தது முழுக்க அங்கிருந்தா? பாரதி புதுச்சேரியில் இருந்தபோதே விட்மனைப் பற்றி எழுதினார், எதுகை மோனை இல்லாமல் வசனம் போலவே பாட்டு எழுதுகிற அமெரிக்கர் என்று. தானும் வசன கவிதை எழுதிப் பார்த்தார். 1916 அக்டோபரில், யோநே நோகுச்சி என்ற ஜப்பானியக் கவிஞரின் கட்டுரையைப் படித்துவிட்டு, 'சுதேசமித்திர'னில் ஜப்பானியக் கவிதையின் சுருக்கத்தைப் பற்றி எழுதினார். பவுண்டின் 14 வார்த்தை வந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. லண்டனில் அவரும் புதுச்சேரியில் இவரும், ஒருவரைப் பற்றி ஒருவர் அறியாமல், ஒரே கிணற்றில் வாளி விட்டிருக்கிறார்கள்.

இன்னொன்று. நம் ஆட்களுக்கும் தேர் கட்டத் தெரிந்திருந்தது. சி. மணி இங்கிலீஷ் வாத்தியார். அவர் தமிழ் யாப்பைப் பற்றித் தனியாக ஒரு நூலே எழுதினார். 1970-களில் கிண்டலும் கேலியுமாக எழுதிய ஞானக்கூத்தனின் பல கவிதைகளைச் சத்தமாகப் படித்தால் உள்ளே பழைய ஓசை ஓடும்.

பிறகு என்ன ஆயிற்று? 1971-ல் கோவையில் 'வானம்பாடி' வந்தது. 1974-ல் மு. மேத்தாவின் 'கண்ணீர்ப் பூக்கள்' வந்து பதிப்பு மேல் பதிப்பாக விற்றது. இருநூறு பேர் படித்ததை லட்சம் பேரிடம் கொண்டுபோன புண்ணியம் அவர்களுக்கு உண்டு. கல்லூரிப் பையன்களுக்கு எழுதும் தைரியம் கொடுத்தார்கள். அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் தைரியம் போன வேகத்தில் கத்தரிக்கோல் போகவில்லை. எங்களைப் போன்ற வாரப் பத்திரிகைகள் மிச்ச காரியத்தைச் செய்தன. கதை முடிந்து பக்கத்தின் கீழே மூன்று அங்குலம் காலி இருந்தால் ஒரு கவிதை. பக்கத்தில் ஒரு பெண் படம். நிலாவும் கண்ணீரும் மௌனமும் அந்த மூன்று அங்குலத்தில் படாத பாடு பட்டன. இந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு. இப்போது அந்த மூன்று அங்குலம் செல்போன் திரை ஆகியிருக்கிறது.

*

மதியச் சாப்பாடு. கத்தரிக்காய் சாம்பார், முட்டைகோஸ் பொரியல், ரசம். தயிர் மட்டும் ஒரு பெரிய பாத்திரம் நிறைய. மூன்று பேருக்கு இது அதிகம் என்று தோன்றியது, கேட்கவில்லை.

சாப்பிட்டுக்கொண்டே வில்லியம்ஸின் தள்ளுவண்டியைச் சொன்னேன். ஒரே சொல்லை இரண்டு வரியில் ஒடித்ததைக் கேட்டதும் ஆசிரியருக்கு முகம் மலர்ந்தது.

"இதுக்கு நம்மகிட்ட வகையுளின்னு பேரு சார். சீர் பிரிக்கும்போது சொல்லு ஒடியும்."

"அவர் அர்த்தத்துக்காக ஒடிச்சிருக்கார். சக்கரம்னு படிச்சதும் சக்கரம் மட்டும் கண்ணுக்குத் தெரியுது. அப்புறம்தான் வண்டி வருது."

பேத்தி தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். ஒன்றும் சொல்லவில்லை.

பவுண்டின் செய்யாதே பட்டியலையும் சொன்னேன். ஆசிரியர் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினார். மிகைபடக் கூறல், கூறியது கூறல், மற்றொன்று விரித்தல்... நன்னூலில் பவணந்தி முனிவர் சொல்லும் பத்துக் குற்றம். "700 வருஷத்துக்கு முன்னாடியே நம்ம ஆள் சொல்லியாச்சே. அமெரிக்காக்காரன்கிட்ட எதுக்குப் போகணும்?"

"நியாயம்தான். ஆனா பத்துக் குற்றத்தையும் மனப்பாடம் பண்ணினவங்கதானே 19-ஆம் நூற்றாண்டுல யமகம், திரிபு, சிலேடைன்னு வார்த்தையை வெச்சு வித்தை காட்டிக்கிட்டிருந்தாங்க? புதுக்கவிதைக்காரங்க முறிச்சது அந்தத் தேரோட அச்சை. குறுந்தொகையை யாரும் முறிக்கலை. குறுந்தொகைல எதுகை கட்டாயமா ஐயா?"

"இல்ல."

"எத்தனை அடி?"

"நாலுலேருந்து எட்டு. ஒண்ணு ரெண்டு ஒன்பது."

"அகவல் ஓசை எப்படி இருக்கும்?"

கொஞ்சம் யோசித்தார். "பேச்சுக்குப் பக்கத்துல இருக்கும்."

அப்போதுதான் ஏ.கே. ராமானுஜன் கதையைச் சொன்னேன். மைசூரில் பிறந்த தமிழர். கன்னடத்திலும் இங்கிலீஷிலும் கவிதை எழுதியவர். சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போன புதிதில், 1962-ல் ஒரு சனிக்கிழமை, பழந்தமிழ் இலக்கணப் புத்தகம் ஏதாவது கிடைக்குமா என்று நூலகத்தின் நிலவறையில் தூசுக்கு நடுவே தேடினார். கையில் அகப்பட்டது 1937-ல் உ.வே.சா. பதிப்பித்த குறுந்தொகை. புரட்டியவர் உட்கார்ந்துவிட்டார். வேண்டாத சொல் இல்லை. உணர்ச்சியைப் பேர் சொல்லிக் கூப்பிடாமல் ஒரு பொருளைக் காட்டி நிறுத்துகிற உள்ளுறை. பவுண்ட் சீனத்திலும் ஜப்பானிலும் தேடி அலைந்தது ஏறக்குறைய 2000 வருஷமாகத் தமிழில் கிடந்திருக்கிறது. 1967-ல் அவர் மொழிபெயர்ப்பு வந்தது. அதில் வரிகளை நவீன அமெரிக்கக் கவிதை மாதிரி உள்ளே தள்ளி, ஒடித்து, படிப்படியாக இறக்கி வைத்தார். அதற்குப் பிறகுதான் வெளியுலகம் குறுந்தொகையைத் திரும்பிப் பார்த்தது. உண்மையைச் சொன்னால் நம்மில் பலரும் அப்புறம்தான் திரும்பிப் பார்த்தோம். செம்புலப்பெயனீரார் பாட்டை லண்டன் பாதாள ரயில் பெட்டிகளில் கவிதைகள் ஒட்டும் திட்டத்தில் ஒட்டினார்கள். பாரிஸ் மெட்ரோ ஸ்டேஷனில் தொடங்கியது, லண்டன் மெட்ரோவில் நம் பாட்டனாரின் கவிதையில் வந்து நின்றது.

"அப்போ நீங்க எந்தக் கட்சி அங்கிள்?" என்று பேத்தி முதல் முறையாக வாயைத் திறந்தாள்.

"உன் கவிதை ஒண்ணைக் காட்டு. அப்புறம் சொல்றேன்."

தாத்தாவைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு அவளே ஒரு நோட்டுத் தாளில் எழுதிக்கொண்டு வந்தாள். 24 வரி. தலைப்பு 'வெறுமை'. பாட்டியைப் பற்றியது. மரணம் வந்தது, மௌனம் வந்தது, கண்ணீர்க் கடலில் ஒரு ஓடம் வந்தது, சிறகொடிந்த பறவைகூட வந்தது. துக்கம் பொய் இல்லை என்று தெரிந்தது. வார்த்தைகள்தான் எங்கிருந்தோ வாடகைக்கு வந்திருந்தன.

ஆசிரியரிடம் சிவப்பு மைப் பேனா கேட்டேன். ஓய்வுபெற்று இத்தனை வருஷம் ஆகியும் பையில் இருந்தது. அதை அவள் கையில் கொடுத்தேன். "வேற யார் வீட்டுப் பாட்டிக்கும் பொருந்தற வரியை எல்லாம் அடிச்சுடு. உங்க பாட்டிக்கு மட்டும்தான்னு இருக்கறதை விட்டுடு."

முதல் வரியை அடிக்கவே ஐந்து நிமிஷம் ஆயிற்று. எனக்குப் பாவமாக இருந்தது. எலியட்டுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். பிறகு வேகம் வந்தது. ஓடம் போயிற்று, பறவை போயிற்று, தலைப்பும் போயிற்று. கடைசியில் 17-ஆம் வரியிலிருந்து நாலு வரி மிஞ்சியது.

பாட்டி போன பிறகும்
தாத்தா
அதே ஒரு லிட்டர் பால்தான்
வாங்குகிறார்

தாளை அவர் பக்கம் நகர்த்தினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். மறுபடி படித்தார்.

"ஒரு லிட்டரா வாங்கறேன்?" என்றார், அவளிடம்.

"ஆமா தாத்தா. மிச்சத்தை நான்தான் தினமும் உறை ஊத்தறேன்."

கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஆசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டு சிவப்புப் பேனாவை வாங்கினார். "‘அதே’ன்னு வந்தாச்சு. அப்புறம் ‘தான்’ எதுக்கு? கூறியது கூறல்." அடித்தார். அவள் எட்டிப் பார்த்துத் தலையாட்டினாள். நானும் மனசுக்குள் படித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி.

"‘தாத்தா’வை மட்டும் எதுக்குத் தனி வரில போட்டிருக்கே? அடுத்த வரியோட சேர்த்தாதான் என்ன?"

"நீங்க தனியாதானே தாத்தா இருக்கீங்க?"

அவர் பதில் சொல்லவில்லை. அந்த வரியை அடிக்கவும் இல்லை. மோர் கொண்டுவருகிறேன் என்று எழுந்து உள்ளே போனார். வர நேரமாயிற்று.

தீர்ப்புச் சொல்ல எனக்கு வேலை வைக்கவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால் வழக்கில் இரண்டு தரப்பும் பாதி பாதி சரி. வரியை ஒடித்தால் கவிதை ஆகிவிடாது என்று தாத்தா சொன்னது சரி. ஒடிக்கிற இடத்தில் காரணம் இருந்தால் அந்த ஒடிசலே பேசும் என்பதை அவளும் அறிந்தே செய்திருக்கிறாள். தாத்தா கேட்கும்வரை சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான். அவரிடம் நன்னூலும் அகவலும் இருந்தன. அவளிடம் பார்க்கிற கண் இருந்தது. பவுண்ட், எலியட், செல்லப்பா, ராமானுஜன் எல்லாரும் சேர்ந்து நமக்கு விட்டுப்போனது இவை இரண்டும் ஒரே மேஜையில் உட்காரும் வழியைத்தான் என்று நினைக்கிறேன். அச்சு முறிந்த இடத்தில் தேரைக் கைவிட்டுவிட்டு யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பிள்ளையாரைக் கும்பிட்டு, சரிசெய்துகொண்டு, மேலே போனார்கள். கதையின் அந்தப் பாதியை நாம் சௌகரியமாக மறந்துவிடுகிறோம்.

போன வாரம் ஆசிரியரிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. பழையபடி பட்டியல். ஆனால் ஒற்றுப் பிழைகளுக்குக் கீழே புதிதாக ஒரு பகுதி: 'மிகைபடக் கூறல்: 11 இடங்கள். கண்டுபிடித்தவள் பேத்தி. சரிபார்த்தவன் நான்.'

பதினொன்றையும் பார்த்தேன். ஒன்பது நியாயம். மீதி இரண்டுக்காக அச்சரப்பாக்கத்துக்கு மறுபடி டிக்கெட் எடுக்க வேண்டும்.